ஹாட் சாக்லேட்டுக்கு டார்க் மஸ்கவாடோ: மொரீஷியஸ் சர்க்கரை பற்றி ஒரு விமர்சனம்

டார்க் மஸ்கவாடோ சர்க்கரையை எங்கள் வீட்டில் ஹாட் சாக்லேட்டுக்கென்றே தனியாக வாங்கி வைக்கிறோம். சுற்றிலும் கரும்புத் தோட்டம் இருக்கிற மொரீஷியஸில் இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஆனால் இங்கே குளிர்காலமான ஜூன் பிறந்து, மேட்டுநில ஊர்களான கியூர்பிப், வக்வா பக்கம் தூறலும் மூடுபனியும் இறங்கியதும், கடையில் பலருடைய கூடையில் ஏறுவது கப்பலில் வந்த ஹாட் சாக்லேட் பவுடர் டப்பாதான். வெளிநாட்டுப் பேக்கரிக்காரர்கள் பெயர் சொல்லித் தேடி வாங்குகிற நம் தீவுச் சர்க்கரை அதே கடையில் இரண்டு வரிசை தள்ளி இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சர்க்கரை. கரும்புச் சாற்றைக் காய்ச்சும்போது வரும் கறுப்புப் பாகான மொலாஸஸை முழுக்கப் பிரித்தெடுக்காமல் சர்க்கரையிலேயே தங்கவிட்டால் கிடைப்பது மஸ்கவாடோ. டார்க் வகையில் மொலாஸஸ் நிறைய இருக்கும். பாக்கெட்டைப் பிரித்து ஒரு கரண்டி அள்ளிப் பாருங்கள், மழையில் நனைந்த செம்மண் போலக் கரண்டியின் வடிவத்திலேயே நிற்கும், தட்டினால்தான் விழும். விரலில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். நாக்கில் வைத்ததும் முதலில் இனிப்பு, அப்புறம் கருகக் காய்ச்சிய பாகின் லேசான கசப்பு, கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு மாதிரி ஏதோ ஒன்று. ஊரில் கருப்பட்டி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாசனை உடனே பிடித்துவிடும். கருப்பட்டியின் புகை வாசம் இதில் கிடையாது, கரும்பின் பச்சை வாசம்தான் தூக்கலாக இருக்கும்.

வாங்கும் முன் ருசி பார்க்க வேண்டும் என்றால் பாம்ப்லமூஸ் பக்கம் போ பிளானில் இருக்கிற லாவான்த்யூர் து சுக்ர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1999-ல் மூடிய சர்க்கரை ஆலையை 2002-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சுற்றிப் பார்த்து முடித்ததும் கடையில் விதவிதமான சர்க்கரைகளைச் சுவைக்கத் தருகிறார்கள். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பு வரை வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டே போனால், மொலாஸஸ் ஏற ஏற ருசி எப்படி மாறுகிறது என்பது நாக்குக்கே தெரிந்துவிடும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் அது ரொம்பப் பிடிக்கும்.

சரி, டப்பா பவுடர் ஏன் போதாது? கொக்கோ பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828-ல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை வாங்கியது, அதற்குப் பிறகுதான் கொக்கோ பவுடர் என்கிற பொருள் பரவியது. பவுடர் கரைக்கச் சுலபம், ஆனால் வாயில் நின்று பேசுகிற அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அதோடு பல டப்பாக்களில் பொருட்பட்டியலைப் பார்த்தால் முதலில் நிற்பது சர்க்கரை, கொக்கோ பின்னால்தான் வருகிறது. பெயர் வேண்டாம், நான் முன்பு வாங்கிக்கொண்டிருந்த ஒரு டப்பாவில் மூன்று ஸ்பூன் போட்டாலும் இனிப்புதான் ஏறும், சாக்லேட் ஏறாது. கெட்டியான, நிறைவான ஹாட் சாக்லேட் வேண்டுமென்றால் கட்டிச் சாக்லேட்டும் வேண்டும், கொக்கோ பவுடரும் வேண்டும். கட்டிச் சாக்லேட் கெட்டியைத் தருகிறது, பவுடர் ருசிக்கு அழுத்தத்தைத் தருகிறது. இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுகிற வேலையைத்தான் இந்தச் சர்க்கரை அழகாகச் செய்கிறது.

செய்முறை இரண்டு பெரிய கோப்பைக்கு. 70 சதவீத டார்க் சாக்லேட் 70 கிராம், பொடியாகச் சீவிக்கொள்ளுங்கள், சோம்பல் பட்டுப் பெரிய துண்டாகப் போட்டால் அடியில் தங்கும். கொக்கோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி, டார்க் மஸ்கவாடோ ஒன்றரை மேசைக்கரண்டி (அழுத்தாமல் அள்ளியது), உப்பு ஒரு சிட்டிகை. கொக்கோ, சர்க்கரை, உப்பு மூன்றையும் 100 மில்லி தண்ணீரில் கலந்து சின்னத் தீயில் வையுங்கள். பாலை இப்போது சேர்க்காதீர்கள், இதுதான் முக்கியம். பாயசத்தில் வெல்லம் போடும்போது அம்மா சொல்வாள், “கொதிக்கிற பால்ல போடாதடி, திரிஞ்சிடும்” என்று, மொலாஸஸ் நிறைந்த இந்தச் சர்க்கரைக்கும் அந்த எச்சரிக்கை நல்லது. தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதித்ததும் கொக்கோவின் மாவு வாசனை போய், சமையலறை முழுக்கப் பாகு வாசனை வரும். அடுப்பை அணைத்துச் சீவிய சாக்லேட்டைக் கொட்டுங்கள், ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட்டுக் கிளறினால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற கறுப்புக் குழம்பு கிடைக்கும்.

இப்போது 350 மில்லி பால். இங்கே பெரும்பாலான வீடுகளில் பால் என்றால் பால் பவுடர் அல்லது அட்டைப்பெட்டிப் பால். எதுவானாலும் முழுக்கொழுப்பு வகையாக இருக்கட்டும், அட்டைப்பெட்டிப் பால் என்றால் ஒரு மேசைக்கரண்டி பால் பவுடரைக் கூடுதலாகக் கரைத்துவிடுங்கள், அந்த நிறைவு தனியாகத் தெரியும். பாலைத் தனியாக ஆவி பறக்கச் சுடவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பில் ஊற்றிக் கலக்குங்கள். மறுபடி சின்னத் தீயில் வைத்து, ஓரத்தில் குமிழ் தலைகாட்டும்போதே இறக்கிவிட வேண்டும். அதிகம் கொதித்தால் மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும்.

அடுத்து மத்து. மோர் கடையும் மத்து வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்து வாருங்கள். மெக்சிகோவில் சாக்லேட் நுரைக்க மொலினில்லோ என்று ஒரு மரக்கருவி வைத்திருக்கிறார்கள், அதையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத்தான் உருட்டுவார்கள், நம் மத்தின் வேலையேதான். ஒரு நிமிடம் உருட்டினால் கொழுப்பும் பாலும் ஒன்றாகி, மேலே பழுப்பு நுரை கட்டும். மின்சார பிளெண்டரும் சரிதான், ஆனால் மத்தில் வருகிற நுரை அடர்த்தியாக நிற்கிறது. கடைந்ததும் ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டுக் குடியுங்கள், இன்னும் கெட்டிப்படும். சோளமாவு தேவையே இல்லை.

மற்ற சர்க்கரைகளையும் இதே அளவில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சர்க்கரை போட்டால் சாக்லேட்டின் புளிப்பு துருத்திக்கொண்டு தெரியும். டெமராரா என்கிற பழுப்புச் சர்க்கரையின் பெரிய பரல்கள் கடிக்க நன்றாக இருக்கும், கரைத்துக் குடிப்பதற்கு அதன் வாசனை பற்றாது, மேலே தூவிக்கொள்ளலாம். லைட் மஸ்கவாடோ மில்க் சாக்லேட்டோடு நன்றாகச் சேரும், குழந்தைகளுக்குச் செய்வதென்றால் அதையே போடுங்கள். மொலாஸஸ் சர்க்கரை என்று இன்னும் கறுப்பாக ஒன்று உண்டு. அது சாக்லேட்டையே விழுங்கிவிடும், கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. நான் வாங்கும் பாக்கெட்டைத் திரும்ப ஒட்டி மூட வழியில்லை, திறந்தபடி விட்டால் ஈரம் போய்ச் சர்க்கரை கல்லாகிவிடும். வாங்கி வந்த அன்றே காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். கல்லாகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், ஒரு ரொட்டித் துண்டை உள்ளே வைத்து இரவு மூடிவைத்தால் காலையில் இளகியிருக்கும். விலையும் சாதாரணச் சர்க்கரையைவிடக் கூடுதல். இன்னொன்று, பழுப்பாக இருப்பதெல்லாம் மஸ்கவாடோ இல்லை. சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையில் மொலாஸஸைத் திரும்பக் கலந்து விற்பதும் உண்டு, அதனால் பாக்கெட்டில் சுத்திகரிக்காதது என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். உடம்புக்கு நல்லது, இரும்புச்சத்து என்றெல்லாம் சொல்லி விற்பதை நம்பி அளவைக் கூட்டவேண்டாம். சர்க்கரை சர்க்கரைதான், ருசிக்காகத்தான் இதை நான் சிபாரிசு செய்கிறேன்.

வனிலா சேர்ப்பது உங்கள் விருப்பம். எசென்ஸ் வேண்டாம், பாதிக் காயைக் கீறிப் பால் சுடும்போது போடுங்கள். பக்கத்துத் தீவு ரெயூனியனில் 1841-ல் எட்மோன் அல்பியுஸ் என்கிற 12 வயது அடிமைச் சிறுவன்தான் வனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் சுலபமான வழியைக் கண்டுபிடித்தான், இந்தப் பக்கத்துத் தீவுகளில் வனிலா விளைச்சல் பெருகியதே அதனால்தான். அந்தப் பையனின் பெயர் தெரிந்து அந்தக் காயைப் பயன்படுத்துவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தொட்டுக்கொள்ள வெண்ணெய் தடவிய ரொட்டி. அதற்குள் இரண்டு சூடான காத்தோ பிமா (நம் கடலைப்பருப்பு வடையின் மொரீஷியஸ் தங்கை) வைத்து ஒரு கடி, ஒரு மிடறு சாக்லேட் என்று போனால் காரமும் கசப்பும் மாறி மாறி வரும். மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் கூழ் மாதிரி இறுகியிருக்கும், கொஞ்சம் பால் விட்டுச் சின்னத் தீயில் சூடாக்கிக் கடைந்தால் முதல் நாளைவிட ருசி நன்றாகவே இருக்கிறது.