ஹப்பில் லூசான பேரிங்: லாக்டைட் 638 போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டியபின்

பேரிங் தேய்வது ஒரு கோளாறு. பேரிங் உட்காரும் இடமே, அதாவது சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பே, தேய்ந்துபோவது வேறு கோளாறு. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் புதுப் பேரிங்காக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்டம் சில மாதங்களில் திரும்பி வந்துவிடுகிறது.

என் வண்டியின் பின்சக்கரத்தில் இருப்பது 6302 பேரிங்: உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 42, அகலம் 13. மெதுவாக வளையும்போது வண்டியின் பின்பகுதி ஒரு கணம் தாமதமாகத் திரும்புவது போலிருந்தது. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டயரின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் லேசாக 'டக்' என்றது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். ஒரு கையால் ஸ்விங் ஆர்மை அழுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் நகராமல் சக்கரம் மட்டும் ஆடினால் கோளாறு ஹப்பில்தான்.

சக்கரத்தைக் கழற்றியதும் பழைய பேரிங் அடிக்காமலேயே கையோடு வந்தது. அதன் வெளி வளையம் ஒரு பக்கம் பளபளவென்றும் மறுபக்கம் துருப் பழுப்பாகவும் இருந்தது. ஹப்பின் உட்சுவரில் விரலை வைத்துத் தேய்த்தால் கரும்சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பு ஒட்டியது. அது அரைந்துபோன அலுமினியம். வளையம் ஹப்புக்குள் சுற்றியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அது ஏன் சுற்றுகிறது? சக்கரத்தில் உள் வளையம் ஆக்சிலோடு நிற்கிறது, வெளி வளையம் ஹப்போடு சுழல்கிறது. வண்டியின் எடையோ எப்போதும் ஒரே திசையில்தான் அழுத்துகிறது. அதனால் வெளி வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுழற்சிக்கு ஒருமுறை சுமையைத் தாங்கி விடுகிறது. இறுக்கம் சற்றே குறைந்தாலும் வளையம் ஹப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகரத் தொடங்கும். எஃகு அலுமினியத்தைத் தின்னும், இடைவெளி கூடும், நகர்வு வேகமெடுக்கும். கிரீஸ் வற்றி இறுகிய பேரிங்கைத் தொடர்ந்து ஓட்டினால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஹப்பின் சுவரில் சென்டர் பஞ்சால் சுற்றிலும் குத்திப் பேரிங்கை இறுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. குத்திய இடத்தில் எழும்பும் சின்னச் சின்ன மேடுகளின்மேல்தான் பேரிங் நிற்கும். அவை விரைவில் அமுங்கிவிடும், அதன்பின் ஹப் முன்பைவிட மோசமாக இருக்கும். பேரிங் நடுமையத்தில் உட்காரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் அளந்து பார்த்ததில் இடைவெளி 0.1 மி.மீ.க்கும் குறைவு. லாக்டைட் 638 அதிகபட்சம் 0.25 மி.மீ. வரை நிரப்பும் என்பதால் அதைத் தேர்ந்தேன். பச்சை நிறத்தில் இருக்கும் இது உருளைப் பாகங்களைப் பிடிக்கவைக்கும் பசை. போல்ட்டுக்குப் போடும் நீலநிற 243 இந்த வேலைக்கு ஆகாது.

ஒட்டுவதில் பாதி வேலை சுத்தம் செய்வதுதான். ஹப்பையும் வளையத்தையும் அசிட்டோனால் துடைத்து, பளபளப்பான பரப்பை நைஸ் எமரியால் லேசாகக் கீறி, மறுபடியும் துடைத்தேன். பசையைப் பேரிங்கில் தடவாமல் ஹப்பின் சுவரில் தடவினேன். அப்படிச் செய்தால் மிச்சப் பசை உள்ளே தள்ளப்படும். பேரிங்கில் தடவினால் அது வெளிப்பக்கம் வழித்துவரப்பட்டு சீலை நோக்கி ஒழுகும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையே இங்கே பாதுகாப்பு. இரண்டு பக்கத்துப் பேரிங்குகளுக்கும் நடுவில் வரும் ஸ்பேசர் குழாயை மறக்கக் கூடாது, நீளம் குறைந்ததையும் போடக் கூடாது. ஸ்பேசர் சரியில்லாவிட்டால் ஆக்சில் நட்டை முறுக்கும்போது உள் வளையங்கள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, புதுப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட உத்தி இது: பசை இறுகும் வரை ஆக்சிலை ஊடே விட்டு, நட்டை லேசாக முறுக்கி வைத்தேன். அதனால் இரண்டு பக்கத்துப் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் நின்றன. ஒரு முழுநாள் தொடவில்லை. காற்றுப் படாமல் உலோகத்தைத் தொட்டு நிற்கும்போதுதான் இந்தப் பசை இறுகும். அலுமினியத்தில் இறுக நேரம் கூடுதலாகும் என்பதால் அவசரப்படக் கூடாது.

மறுபக்கத்துப் பேரிங்குக்குப் பசையே தேவைப்படவில்லை, அங்கே இறுக்கம் நன்றாக இருந்தது. பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து, ஹப்பைச் சூடாக்கினேன். 42 மி.மீ. அலுமினியத் துளை 80 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.08 மி.மீ. விரியும், அது போதும். தட்டும்போது வெளி வளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும்.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மழை, மண்சாலை, பின்சீட்டில் ஆள் என எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆட்டம் திரும்பவில்லை. நடுவில் பேரிங்கின் ஆயுள் முடிந்து ஒருமுறை மாற்றியபோதுதான் இந்தப் பசையின் மறுமுகம் தெரிந்தது. சாதாரணமாகத் தட்டினால் அசையவில்லை. 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் வெளியேற்ற வேண்டியிருந்தது. பெயின்ட் அடித்த ஹப் என்றால் நிறம் கெடும், இதற்குத் தயாராக இருங்கள். ஆனால் ஹப்பின் சுவரில் புதிய தேய்மானம் துளியும் இல்லை. காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே முறையில் மறுபடியும் ஒட்டினேன்.

முன்சக்கரத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன் என்றில்லை, ஆனால் என் முன்ஹப் துளை நீள்வட்டமாகியிருந்தது. அங்கே பசையை நம்பவில்லை. லேத்தில் துளையைப் பெரிதாக்கி, ஸ்லீவ் என்னும் உலோக வளையத்தை இறக்கி, பேரிங்கின் அளவுக்குக் கடைந்து வாங்கினேன். பணமும் நாளும் கூடுதலாகச் செலவானது, ஆனால் அடுத்த பேரிங்கை எந்தப் பசையும் இல்லாமல் மாற்றலாம். உங்கள் ஹப் துளை வட்டமாகவே இருந்து, பேரிங் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்குகிறது என்றால் முதலில் 638 போட்டுப் பாருங்கள். பேரிங்கை உள்ளே வைத்துக் குலுக்கினால் சத்தம் கேட்கிறதா, நேராக லேத்துக்குப் போய்விடுங்கள்.