கன்சல்டன்சியா, சென்னை வக்கீலா, ஏதென்ஸ் வக்கீலா: கோல்டன் விசாவுக்கு நாங்கள் போட்ட கணக்கு

பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். எந்தக் குடியுரிமை வேண்டும் என்று சொல்ல அதற்குப் பிறகு பாண்டிக்காரர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பாரிசில். எழுதிக் கொடுக்காத வீடு எங்கள் மாமாவுடையது (அக்கா வீட்டுக்காரர்). சேதராப்பட்டில் இடம் விற்ற பணம் கைக்கு வந்ததும், "தாத்தா ஒரு கையெழுத்து போட்டிருந்தால் இவ்வளவு செலவே இல்லை" என்று புலம்பிக்கொண்டே கோல்டன் விசா (ஒரு நாட்டில் பணம் முதலீடு செய்து அங்கே வசிக்கும் உரிமை பெறுவது) தேட ஆரம்பித்தார். ஸ்பெயின் 2025 ஏப்ரலில் கதவைச் சாத்திவிட்டது. போர்ச்சுகலா கிரீஸா என்று பார்த்தோம். அதைவிட, வேலையை எந்த வக்கீலிடம் கொடுப்பது என்பதில்தான் நாலு மாதம் ஓடியது.

முதலில் போனது சென்னையில் ஸ்டார் ஓட்டலில் கூட்டம் நடத்திய ஒரு கன்சல்டன்சியிடம். சாப்பாடு பிரமாதம். ஆலோசனையும் இலவசம் என்றார்கள், எனக்கு அங்கேதான் உறுத்தியது. போர்ச்சுகலில் 2023 அக்டோபரிலிருந்து வீடு வாங்கி விசா எடுக்கும் வழி இல்லை. முக்கியமான வழி 5 லட்சம் யூரோ ஃபண்டு முதலீடு. இவர்களோ இரண்டே ஃபண்டுகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கிரீஸ் என்றால் ஒரே பில்டர். உங்களுக்கு அவர்களிடமிருந்து என்ன வரும் என்று கேட்டதற்குப் பதில் காபியாக வந்தது. வீட்டு புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது நமக்குப் பழக்கம்தான். அதற்காக வில்லங்கத்தையும் அவரையே பார்க்கச் சொல்வோமா? ஒப்பந்தத்தைப் புரட்டினால் கையெழுத்திடுவது துபாய் கம்பெனி, சட்ட வேலைக்கு "எங்கள் கூட்டாளி வக்கீல்". அந்த வக்கீலுக்குப் பெயர்கூட இல்லை.

அடுத்தது சென்னையில் ஒரு வக்கீல் நிறுவனம். நேர்மையானவர்கள், கமிஷன் வாடையே இல்லை. ஆனால் கிரேக்கச் சட்டம் பற்றி இவர்கள் தாமாக எதுவும் சொல்ல முடியாது. அங்கே ஒரு வக்கீலை வைத்துக் கேட்டுச் சொல்வார்கள். வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்கள் இங்கே ஆபீஸ் போடலாமா என்ற வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் நடந்ததுதான். 2018-ல் உச்ச நீதிமன்றம், ஆபீஸ் போடக்கூடாது, எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்றது. அந்த நிறுவனங்களுக்கு, வக்கீல்களின் அமைப்பான பார் கவுன்சில் பதிவு முறை கொண்டுவந்தது 2023-ல். ஆக, இவர்கள் வழியாகப் போனால் இரண்டு வக்கீலுக்கு ஃபீஸ், நம் கேள்வி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்த் திரும்ப ஒரு வாரம்.

மூன்றாவது, ஏதென்சில் இருக்கும் வக்கீலையே நேராகப் பிடிப்பது. பார் அசோசியேஷன் பதிவு எண்ணைக் கேட்டவுடன் அனுப்பினார். ஃபீஸ் மூன்று தவணை, எந்தத் தவணைக்கு எந்த வேலை என்று எழுத்தில் இருந்தது. கன்சல்டன்சி காட்டிய ஏதென்ஸ் ஃபிளாட்டை அவரிடம் காட்டினோம். இரண்டரை லட்சம் யூரோதான், கடையை வீடாக மாற்றும் திட்டம். "மாற்றம் முழுசாக முடிந்து, அதற்குக் காகிதம் வந்த பிறகுதான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். எப்போது முடியும் என்று பில்டர் எழுதித் தருவாரா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியே அவர் கேட்ட ஃபீசுக்குச் சரி என்று எனக்குப் பட்டது. சாதாரண வீடென்றால் ஏதென்ஸ் வட்டாரத்தில் 8 லட்சம், அதிகக் கிராக்கி இல்லாத ஊர்களில் 4 லட்சம். அதுவும் ஒரே வீடாக, 120 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதை அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் இவரிடமும் ஒரு ஓட்டை. பணம் இங்கிருந்து எப்படி வரும் என்பது அவருக்கு விளங்கவில்லை. மூன்று பேரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடியது இரண்டரை லட்சம் டாலர். புருஷன் பெண்டாட்டி சேர்த்தால் 5 லட்சம். கிரீசில் இருவர் பெயரிலும் வீடு வாங்கினால் 4 லட்சம் யூரோ ஒரே ஆண்டில் கட்டிவிடலாம். போர்ச்சுகல் ஃபண்டு விண்ணப்பதாரர் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். மனைவியின் வரம்பை அதற்குச் சேர்த்துக்கொள்ள முடியாது. இரண்டு நிதியாண்டு சேர்த்து அனுப்பினாலும் 5 லட்சம் டாலர்தானே, 5 லட்சம் யூரோ ஆகாது. மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம், அடுத்த ஏப்ரலில் மிச்சம் என்று மூன்று நிதியாண்டைத் தொட வேண்டியிருக்கும். கன்சல்டன்சிக்காரர் "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார்" என்றார். எப்படி என்று இன்றுவரை சொல்லவில்லை. சென்னைக்காரர்கள் விதியைச் சரியாகச் சொன்னார்கள்.

கணக்கை முடித்து வைத்தது மிஷன் வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆடிட்டர். 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் பணத்துக்கு வங்கி 20% டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். இடம் விற்ற அதே ஆண்டில் அனுப்பினால், அந்த லாபத்துக்குக் கட்ட வேண்டிய வரியிலேயே அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். அங்கே வீடு வாங்கியதை வருமான வரிக் கணக்கில் காட்டாவிட்டால் 10 லட்சம் அபராதம் என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிசு.

கடைசியில் ஏதென்ஸ் வக்கீல், அவரோடு எங்கள் ஆடிட்டர். சென்னை நிறுவனத்துக்குப் பவர் பத்திரம் எழுதும் வேலை மட்டும். அங்கே கிரயப் பத்திரத்தை எழுதுவது நொத்தேர் (பத்திரம் எழுதும் சட்ட அதிகாரிக்குப் பிரெஞ்சுப் பெயர்) என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாண்டிப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். கோர்ட் வாசலில் முத்திரை குத்துகிற நோட்டரி வேறு.

நான் எதிர்பார்க்காத இடத்தில்தான் சிக்கியது. கிரீசில் எந்தக் காகிதம் என்றாலும் அப்பா பெயர், அம்மா பெயர் கேட்கிறார்கள். மாமாவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. கல்யாணச் சான்றிதழில் பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில், ஐந்து எழுத்து கூடுதலாக. இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஏதென்சிலிருந்து மெயில் வந்தது. முனிசிபாலிட்டிக்கு மூன்று நடை ஆகிவிட்டது. நாலாவது நடை திங்கட்கிழமை.