ஹெரால்டின் பின் சக்கரங்கள்: கெஸல் ஆக்சிலா, சிவி ஜாயின்டா, ஆடும் பட்டையா?

காரையாறிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும்போது, ஒரு வலது வளைவில் வேகம் கூடிவிட்டதென்று ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்ட் காரின் பின்பக்கம் அப்படியே எழும்பியது. இடது பின் சக்கரத்தின் அடிப்பாகம் காருக்கு உள்ளே மடங்கியது, வால் வெளியே வீசியது. ஓரச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது டயர் மறுபடி பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் அம்மா இருந்தார். வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் மூன்று வழிகளை விசாரித்து, ஒன்றைச் செய்து, அதில் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டி. 1960களில் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்த இரண்டு கதவு ஹெரால்ட், 948 சிசி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட் 1959-இல் வந்தது, மிக்கெலாட்டி வரைந்த உருவம். குடும்பக் கார்தானே என்று நினைக்க வேண்டாம். இதே சேஸி வடிவத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பின் சஸ்பென்ஷனும் அதேதான். அதனால் ஸ்பிட்ஃபயர்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியமெல்லாம் நம் ஹெரால்டுக்கும் பொருந்தும்.

வியாதி இதுதான். இன்ஜின் சக்தியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸியில் அசையாமல் நிற்கிறது. அதன் இரு பக்கமும் ஒரு ஆக்சில், ஆக்சிலின் உள்முனையில் மட்டும் ஒரு கிராஸ் ஜாயின்ட், அதாவது மடங்கியபடியே சுற்ற விடும் சிலுவை வடிவ இணைப்பு. வெளிமுனையில் ஜாயின்ட்டே கிடையாது. ஆக சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ஒரு கிராஸை மையமாக வைத்து, கதவு கீலில் ஆடுவது போல் ஆடுகிறது. ஆடும் ஆக்சில் என்பது இதைத்தான். பின்பக்கம் உயர்ந்தால் இரண்டு சக்கரமும் அடிப்பாகம் உள்ளே போகும்படி சாய்கின்றன. வளைவில் காலை எடுத்தாலோ பிரேக் அடித்தாலோ எடை முன்னால் போகிறது, பின்பக்கம் உயர்கிறது, டயர் விளிம்பில் நிற்கிறது. மேலே குறுக்காகக் கிடக்கும் பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்) முழுவதும் டிஃபரன்ஷியல் மேல் இறுக்கி வைத்திருப்பதால், கார் சாயும்போது பின்பக்கம் விறைத்துக்கொண்டு இதற்கு இன்னும் துணை போகிறது.

கெஸல் ஆக்சிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் கம்பெனியே ஆடும் ஆக்சிலை எடுத்துவிட்டு, அம்பாசிடர் மாதிரி ஒரே துண்டாக இருக்கும் ஆக்சிலைப் போட்டது. கிராஸும் இல்லை, சக்கரம் மடங்கவும் வழி இல்லை. ஆனால் அதை ஹெரால்டில் போட சேஸியில் வெல்டிங் வேண்டும், கழட்டி எடுக்க ஒரு கெஸல் வேண்டும். பழைய கெஸலைக் காயலான் கடையில் பார்த்தே வருஷம் ஆகிவிட்டது.

சிவி ஜாயின்ட் வழி எனக்கு நிஜமாகவே ஆசை காட்டியது. ஒற்றைக் கிராஸ் சீராகச் சுற்றாது. பத்து பாகை மடிந்திருந்தால், ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். மடங்கினாலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி செய்த சிவி ஜாயின்ட்டில் அந்தக் குறை இல்லை. நான் ஒரு காரியத்தைத் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன்: மாருதி ஆக்சிலை அளவாக வெட்டி, கிராஸ் இருந்த இடத்தில் மாட்டிவிடலாம் என்று. முடியாது. ஹெரால்டில் அந்த ஆக்சில் சக்கரத்தைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, சக்கரம் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. முன்சக்கர ஓட்ட வண்டிகளில் உள்பக்கம் இருக்கும் சிவி ஜாயின்ட் உள்ளேயும் வெளியேயும் சறுக்கும்படி செய்தது. அதை இங்கே போட்டால் சக்கரத்தின் அடிப்பாகத்தைப் பிடிக்க ஆளில்லை. அதனால் சக்கரத்தின் அடிப்பாகத்தைச் சேஸியோடு பிணைக்கக் கீழே ஒரு விஷ்போன் கை, சக்கரத்தைத் தாங்கும் புது அப்ரைட், சேஸியில் புது பிராக்கெட் எல்லாம் வேண்டும். 1968-இல் ஸ்பிட்ஃபயரின் கூரை வைத்த உறவான ஜிடி6 காருக்கு டிரையம்ஃப் இப்படித்தான் கீழ்க் கை வைத்து, ஆக்சில் நடுவே பெரிய ரப்பர் கப்ளிங் போட்டது. அந்த ரப்பர் சீக்கிரம் வெடித்துப் பாடுபடுத்தியதால்தான் இப்போது அங்கே சிவி ஜாயின்ட் போடுகிறார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு நண்பர் இந்த வேலையை முழுதாகச் செய்து வைத்திருக்கிறார். ஒரு சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போகிறது, வளைவில் காலை எடுத்தாலும் சக்கரம் நேராக நிற்கிறது. ஓட்டுவதற்கு மூன்றில் அதுதான் உசத்தி. ஆனால் நான் ஓட்டியது நாற்பது கிலோமீட்டர், நல்ல தார் ரோட்டில். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கவனிக்காமல் ஐம்பது கிலோமீட்டர் வந்தால் அந்த ஜாயின்ட் என்ன ஆகும் என்று அவருக்கும் அனுபவம் இல்லை, எனக்கும் இல்லை.

என் மெக்கானிக் வண்ணார்பேட்டையில் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். மூன்றையும் விளக்கிவிட்டு, “எது நல்லது அண்ணாச்சி?” என்று கேட்டேன். “தம்பி, நீ இப்ப மாட்டுத சாமானத்த நாளைக்கு வேற ஒருத்தன் கழட்டணும்லா. அத யோசிச்சிக்கிட்டு வாங்கு” என்றார். எனக்கு முடிவு அங்கேயே வந்துவிட்டது.

நான் செய்தது மூன்றாவது வழி. 1970 கடைசியில் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காருக்கு வந்த ஸ்விங் ஸ்பிரிங், அதாவது ஆடும் பட்டை. பார்க்கப் பழைய பட்டைக் கட்டு போலவே இருக்கும். ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கியிருப்பார்கள், மற்றவை நடுவில் ஒரு பின்னில் சீசா மாதிரி ஆடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கினால் எல்லாப் பட்டையும் வேலை செய்யும். கார் ஒரு பக்கம் சாய்ந்தால் அவை ஆடிக் கொடுத்துவிடும். பின்பக்கத்தின் விறைப்பு குறைகிறது, தூக்கிக்கொண்டு எழும்புவதும் குறைகிறது. குறைந்த விறைப்பை முன்னால் ஈடுகட்ட, கார் சாயாமல் தடுக்கும் தடித்த ஸ்டெபிலைசர் ராடும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிவிட்டு ராடைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, வண்டி படகு போல் சாயும். இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்தன. கூரியரும் சுங்கத் தீர்வையும் வலித்தது உண்மை.

ஆனால் கிராஸ் பழைய கிராஸ்தான், அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். ஆடும் ஆக்சிலில் கிராஸ் உடைந்தால் வண்டி நின்றுபோவதோடு முடியாது, சக்கரத்தின் பிடிமானமே போய்விடும். ஆகவே அந்தச் சாமான் நம் ஊரில் கிடைக்க வேண்டும், நம் கையால் மாற்ற முடிய வேண்டும். கிராஸின் முனைகளில் மாட்டும் பேரிங் கப்பின் விட்டத்தையும் நீளத்தையும் வெர்னியரில் அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில், கிரீஸ் ஏற்றும் நிப்பிள் வைத்ததாகவே அன்றைக்கே கிடைத்தது. நிப்பிள் இல்லாத கிராஸ் வேண்டவே வேண்டாம்.

வேலையை வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் நானே செய்தேன். பழைய கிராஸின் கப்பைச் சுற்றிக் குங்குமம் போல் சிவப்புத் துரு படிந்திருந்தது. உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டதற்கு அது அடையாளம், வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாலே தெரியும். கப்பைப் பிடித்திருக்கும் சர்க்லிப் வளையத்தை எடுத்து, வைஸில் வைத்துத் தட்டினால் கப் வெளியே வரும். புதுசை மாட்டும்போதுதான் பொறுமை வேண்டும். கப்புக்குள் வட்டமாக நிற்கும் ஊசி போன்ற உருளைகளான நீடில்களில் ஒன்று சரிந்து அடியில் விழுந்தாலும் கப் முழுதாக இறங்காது, சர்க்லிப் பள்ளத்தில் உட்காராது. அப்போது சுத்தியலை எடுக்கக் கூடாது. எனக்கு இரண்டாவது கப்பில் அப்படி ஆயிற்று. கழட்டி, கெட்டியான கிரீஸ் தடவி நீடில்களை ஒட்ட வைத்து, மறுபடி மாட்டினேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பகல். இப்போது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் கன் பிடிக்கிறேன், பத்து நிமிஷ வேலை. அதே கையோடு முன் சக்கரம் திரும்பும் கீழ்க் கீலான டிரன்னியனுக்கும் கன்னைப் பிடித்துவிடாதீர்கள், அதற்கு 90 கியர் ஆயில்தான். கிரீஸ் அங்கே காய்ந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க் ஒடிந்துபோகும்.

வீல் பேரிங் மட்டும் இந்த வழியிலும் தொல்லைதான். சக்கரம் மாட்டும் பின் ஹப், ஆக்சில் முனையின் டேப்பரில் (கூம்பில்) இறுகி உட்கார்ந்திருக்கும். அதற்கென்று செய்த கனமான புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் ஆக்சில் முனைதான் கெடும். நான் புல்லரை இரவல் வாங்கினேன்.

விற்பதைப் பற்றி இப்போது யோசிக்கவில்லை, ஆனாலும் ஒன்று. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. கெஸல் ஆக்சிலுக்கும் சிவிக்கும் சேஸியைத் தொட்டாக வேண்டும். நான் எங்கும் வெல்டிங் வைக்கவில்லை. பழைய பட்டைக் கட்டை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி மச்சில் வைத்திருக்கிறேன்.

பலன்? அதே காரையாறு வளைவில், அதே வேகத்தில், வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன், தனியாக. பின்பக்கம் லேசாக உயர்ந்தது, வால் வீசவில்லை. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் நடுவே போகும்போது முன்பு ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவேன், இப்போது ஒரு கை போதும். ஆனால் பின் சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ராடின் ரப்பர் புஷ்களையும் கூடவே மாற்றினேன், அதனால் காற்றில் கிடைத்த நிம்மதியில் எவ்வளவு ஸ்பிரிங்கால், எவ்வளவு புஷ்ஷால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சக்கரம் மடங்குவது முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன், ஆக்சிலின் அமைப்பு அதேதான். பின் டயரில் முன் டயரைவிடக் காற்று கூட வைக்கும் பழக்கத்தையும் விடவில்லை.

நாலு பேர், சாமான் சட்டியோடு இதுவரை ஓட்டவில்லை. ஸ்பிட்ஃபயர் இரண்டு பேர் போகும் கார், அதன் ஸ்பிரிங் ஹெரால்டின் பின் சீட்டுப் பாரத்தை எப்படித் தாங்கும் என்பது வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போய் வந்தால் தெரியும். அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.