மைலுக்கு 60 சதமா, மணிக்கு 28 டொலரா?

ஏ-செட் லைசன்ஸ் (ட்ரெயிலர் இழுக்கும் பெரிய ட்ரக் ஓட்டுவதற்கான ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம்) எடுத்து முடித்த தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது "அண்ணை, மைலுக்கு எவ்வளவு தருவாங்கள்?" என்றுதான். கனடாவில் தெருப் பலகைகள் எல்லாம் கிலோமீற்றரில் இருந்தாலும் ட்ரக் சாரதியின் சம்பளத்தை இன்னும் மைலில்தான் பேசுகிறார்கள். ஒன்ராறியோவில் இருந்து அமெரிக்காவுக்கு மைல் கணக்கில் ஓடிவிட்டு, இப்போது மணிக்கணக்குச் சம்பளத்தில் 401 நெடுஞ்சாலையில் மொன்றியல், ஒன்ராறியோவில் உள்ள லண்டன், வின்ட்சர் பக்கம் ஓடுகிறேன். என் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொம்பனி ட்ரக்கில், நிரந்தர வேலையாளாக ஓடப்போகிற ஒருவர் என்னைக் கேட்டால் மணிக்கணக்கை எடுக்கச் சொல்வேன்.

வெளிப்படையாகத் தெரிந்த வித்தியாசங்களை நீட்ட வேண்டியதில்லை. மைல் வேலை என்றால் தூர ஓட்டம், ட்ரக்கிலேயே படுக்கை, பல நாட்களுக்கு ஒருமுறை வீடு. மணி வேலை என்றால் கிட்டிய ஓட்டம், கூடுதல் நகரப் போக்குவரத்து, ஒரே நாளில் நாலைந்து இடத்தில் ட்ரெயிலரைப் பின்னால் எடுத்து டொக்கில் (களஞ்சியத்தில் லோட் ஏற்றி இறக்கும் மேடையில்) விடுவது. இதில் யாருக்கு எது ஒத்துவரும் என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது.

காசுக்கு வருவோம். இங்கே நான் போடுவதெல்லாம் கனேடிய டொலர், வரி பிடிக்குமுன் உள்ள கணக்கு. கிழமைக்கு 2,500 மைல் ஓடினால் அது நல்ல ஓட்டம். மைலுக்கு 60 சதம் என்று வைத்தால் 1,500 டொலர். மணிக்கு 28 டொலர் வீதம் 55 மணித்தியாலம் வேலை செய்தால் 1,540 டொலர். பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே அளவுதான் உழைக்கிறார்கள் போலத் தெரியும். அந்த 2,500 மைலுக்குப் பின்னால் எத்தனை மணித்தியாலம் போனது என்பது எந்தப் பே ஸ்டப்பிலும் இருக்காது. அதைத்தான் நாமே எழுதிப் பார்க்க வேண்டும்.

ரொறன்ரோவில் இருந்து சிக்காகோ ஏறத்தாழ 520 மைல். 60 சதப்படி 312 டொலர். ஓட்டம் பத்து மணித்தியாலம் என்று வையுங்கள். பத்து மணித்தியாலத்துக்கு 312 டொலர், அதாவது மணிக்கு 31 டொலருக்கு மேல். கொம்பனிக்காரர் ஆள் சேர்க்கும்போது சொல்லும் கணக்கு இதுதான். இப்போது ஓடாத நேரத்தையும் சேர்ப்போம். காலையில் ட்ரக்கையும் ட்ரெயிலரையும் சோதித்து டீசல் அடிக்க ஒரு மணித்தியாலம். லோட் ஏற்ற இரண்டு. சார்னியாவில் புளூ வோட்டர் பாலம் தாண்டி போர்டரில் ஒன்று. இறக்க இரண்டு. எல்லாமாகப் பதினாறு. 312-ஐப் பதினாறால் பிரித்தால் மணிக்கு 19 டொலர் 50 சதம். இறக்குகிற இடத்தில் இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருத்திவிட்டார்கள் என்றால் 17 டொலர் 83 சதம். 2025 ஏப்ரலில் கனடாவின் மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி 17 டொலர் 75 சதம் ஆனது. மாகாண எல்லையும் நாட்டு எல்லையும் தாண்டி ஓடுகிற எங்களுக்குப் பொருந்துவதும் அந்தச் சட்டம்தான். எண்பதாயிரம் இறாத்தல் வண்டியை இரவில் மிச்சிகன் பனியில் ஓட்டிக்கொண்டு போகிற ஒருவருக்கு அந்தக் கூலியை விட எட்டுச் சதம் கூட.

ட்ரக்கில் படுக்கிற பத்து மணித்தியாலத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

காத்திருப்பு இரண்டு பக்கத்தாலும் கடிக்கிறது. நின்ற நேரத்துக்குக் காசு இல்லை என்பது ஒன்று. மற்றது, நின்ற நேரம் ஓடக்கூடிய நேரத்தையும் தின்றுவிடும். அமெரிக்க விதிப்படி வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலம் ஓடலாம். அந்த 14 ஓடத் தொடங்கினால் டொக்கில் நின்றாலும் நிற்காது. ஓய்வு நேரத்தை இரண்டாகப் பிரித்து எடுக்கும் முறை ஒன்று உண்டு, 2020-இல் அதைக் கொஞ்சம் இளக்கினார்கள், ஆனால் அதற்கு முழு மூன்று மணித்தியாலமோ இரண்டோ இடைவிடாத ஓய்வாக அமைய வேண்டும். டொக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாத இடத்தில் அதைத் திட்டமிடுவது கடினம். காலையில் நாலு மணித்தியாலம் போய்விட்டால் பின்னேரம் ஓடியிருக்க வேண்டிய இருநூறு மைலும் போய்விடும். மணிக்கணக்கில் இருப்பவருக்கு அதே நாலு மணித்தியாலம் 112 டொலர்.

இதை நான் என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கண்காணிப்பு அதிகாரி அலுவலகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், டொக்கில் இப்படித் தடுத்து வைப்பதால் வாடகை லோட் சாரதிகள் வருடத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி அமெரிக்க டொலர் வரை வருமானம் இழப்பதாகக் கணித்தது. சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து வீதம் 6.2 சதவீதம் கூடும் என்றும் அதே அறிக்கை சொன்னது. எனக்கு இரண்டாவது எண்தான் பெரிது. இழந்த மைலைப் பிடிக்க யாராவது எங்காவது வேகமாக ஓடுகிறார், அல்லது தூக்கத்தோடு ஓடுகிறார்.

"வெயிட்டிங்குக்குக் காசு தருகிறோம்" என்று ஆள் சேர்ப்பவர் சொல்வார். பெரும்பாலும் முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம், அதற்குப் பிறகுதான் கணக்கு. நான் மைலுக்கு ஓடிய ஓர் இடத்தில், வந்த நேரமும் போன நேரமும் எழுதி அங்கே இருப்பவரின் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் அந்தக் காசு. அதுவும் வாடிக்கையாளர் கொம்பனிக்குக் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு. கையெழுத்துப் போட மறுக்கும் களஞ்சியங்கள் உண்டு. ஈ.எல்.டி. பெட்டியில் (சாரதியின் வேலை நேரத்தைத் தானாகப் பதியும் கருவியில்) நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தும் கடதாசி கேட்டார்கள்.

மைலை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பல கொம்பனிகள் ட்ரக்கின் ஓடோமீற்றர் காட்டும் மைலுக்குக் கொடுப்பதில்லை. தபால் குறியீட்டில் இருந்து தபால் குறியீட்டுக்கு மென்பொருள் சொல்லும் தூரத்துக்குத்தான். தெரு மூடி, சுற்றிப் போனால் அது உங்கள் கணக்கு. வின்னிபெக் ஓடும் நண்பர்களுக்குக் குளிர்காலத்தில் வாவா பக்கம் 17-ஆம் நெடுஞ்சாலையை மூடிவிடுவது வழமை. அங்கே மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் நிற்க வேண்டியதுதான்.

மேலதிக நேரம் பற்றிச் சிறிது. கனடா மத்திய சட்டப்படி நெடுஞ்சாலைச் சாரதிக்குக் கிழமைக்கு 60 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. மணிக்கணக்கில் இருந்தால் லொக்புக்கையும் (வேலை நேரப் பதிவையும்) பே ஸ்டப்பையும் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். அமெரிக்கக் கொம்பனியில் வேலை என்றால் அந்தப் பேச்சே வேறு. 1938-ஆம் ஆண்டுக் கூலிச் சட்டத்தின் மேலதிக நேர விதி, மாநில எல்லை தாண்டும் ட்ரக் சாரதிகளுக்குப் பொருந்தாது.

சரி, மைல் எப்போது நல்லது? கொண்டுபோன ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு, ஏற்கெனவே ஏற்றி வைத்ததைக் கொழுவிக்கொண்டு வருகிற ஓட்டமாக இருந்தால் காத்திருப்பு அநேகமாக இல்லை. அப்படி ஒரே பாதையில் நிரந்தர ஓட்டம் கிடைத்து, ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சரும் நேர்மையானவராக இருந்தால் மைல்காரர் என்னை விடக் கூட உழைப்பார். கலியாணம் முடிக்காத, வாடகையை மிச்சம்பிடிக்க விரும்புகிற பொடியனுக்கு ட்ரக்கே வீடு, அவனுக்கும் சரி. ஏ.டி.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் அமெரிக்கக் கொம்பனிகளுக்கு 2023-இல் சாரதிக் கூலி சராசரியாக மைலுக்கு 77.9 அமெரிக்க சதம் ஆனது. அந்த அளவும் நல்ல ஓட்டமும் சேர்ந்து கிடைத்தால் நான் மேலே போட்ட கணக்கு மாறிவிடும்.

மணி வேலையிலும் பலவீனம் இருக்கிறது. நத்தார் முடிந்து ஜனவரியில் லோட் குறைந்தால் ஆறு மணித்தியாலத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மாதம் கை கடிக்கும். கிழமைக்குக் குறைந்தது எத்தனை மணித்தியாலம் உறுதி என்று சேரும்போதே கேட்டு வைப்பது நல்லது. அத்தோடு, அமெரிக்கத் தூர ஓட்டத்தை மணிக்குக் கொடுக்கும் கொம்பனிகள் மிகக் குறைவு. ஆகவே மணிக்கணக்கை எடுப்பது என்றால் பெரும்பாலும் டெக்சாஸ், கலிபோர்னியா பார்க்கும் ஆசையையும் விடுவதுதான்.

மைலுக்கு மற்ற இடங்களை விடப் பத்துப் பதினைந்து சதம் கூடத் தருகிறோம், ஆனால் உன் பெயரில் ஒரு இன்கொப்பரேஷன் (பதிவு செய்த சொந்தக் கொம்பனி) திறந்துகொண்டு வா என்று சொன்னால் கவனம். அங்கே நீங்கள் வேலையாள் இல்லை. விடுமுறைச் சம்பளம் இல்லை, வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, காயம் பட்டால் இழப்பீடு இல்லை, ஓய்வூதியப் பங்கில் கொம்பனியின் பாதியும் இல்லை. வரித் திணைக்களம் அதைத் தனிநபர் சேவை வணிகம் (பெயருக்குக் கொம்பனி, உண்மையில் வேலையாள்) என்று வகைப்படுத்தினால் சிறு வணிகத்துக்கான வரிக் குறைப்பும் கிடைக்காது. கூடக் கிடைத்த சதமெல்லாம் அங்கேயே போய்விடும். எங்கள் ஆட்கள் பலர் இதில்தான் ஓடுகிறார்கள் என்பது எனக்குக் கவலை.

லோட் வாடகையில் இத்தனை சதவீதம் என்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்த முறையில் நான் நீண்ட காலம் இருக்கவில்லை. வாடகைச் சீட்டைக் காட்டுகிற கொம்பனியில் அது நன்றாகப் போகும், காட்டாத இடத்தில் எதை நம்புவது என்று தெரியாது என்ற அளவில்தான் சொல்ல முடியும். இரண்டு பேர் மாறி மாறி ஓடும் டீம் ஓட்டம் நான் செய்ததே இல்லை, அதனால் அதை ஒப்பிடப் போவதில்லை.

நாளைக்கே யாராவது என்னை மைலுக்குத் திரும்பக் கூப்பிட்டால் சத விலையைக் கடைசியில்தான் பேசுவேன். டொக்கில் முதல் மணித்தியாலத்தில் இருந்தே மணிக்கூலி, போர்டரில் நிற்கும் நேரத்துக்கும் அதே கூலி, தெரு மூடிய நாளுக்கு ஒரு நிலையான தொகை, இவை மூன்றும் ஒப்பந்தக் கடதாசியில் எழுதியிருக்க வேண்டும். ஈ.எல்.டி. பதிவு போதும், வேறு கையெழுத்துத் தேவையில்லை என்றும் அதில் இருக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்கிற இடத்தில் 55 சதத்துக்கும் ஓடுவேன்.