நாடக உடை வாடகைக்கு எடுத்த கடை: ஒரு தமிழாசிரியையின் அனுபவம்

உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்குப் பொறுப்பு யாரு?” நான் எங்கள் பள்ளி மாணவர் தலைவியைக் காட்டினேன். பதினோராம் வகுப்புப் பிள்ளை. உடனே ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, “சொல்லு தாயி, எத்தனை வேஷம்?” என்றார். அதற்கப்புறம் அரை மணி நேரம் அவர் என்னிடம் பேசவே இல்லை. எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது அப்போதுதான்.

அதற்கு முன் இரண்டு கடைகள் ஏறி இறங்கியிருந்தோம். அங்கெல்லாம் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் என் முகத்தைப் பார்த்து வந்தது. இங்கே அவள் நோட்டில் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அவர் பரணிலிருந்து துணி மூட்டையை இறக்கிக்கொண்டே இருந்தார்.

நாங்கள் மதுரைக்கு வெளியே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. 2024-இல் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை அணிகளாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாக இருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு என்ன நாடகம் போடுவது என்று அணித் தலைவர்கள் ஐந்து பேரும் மாணவர் தலைவியும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சில் முடிவாகவில்லை, அட்டைப்பெட்டியில் துளை போட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்பிலும் வாக்கெடுத்தார்கள். பாண்டியன் சபையில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சி ஜெயித்தது. மதுரைப் பிள்ளைகளுக்கு அது சொந்த ஊர்க் கதை. பணத்தைக் கையாளும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுத்திருந்தேன்.

கடைக்காரர் முன்பு மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்குத் தைத்துப் பழகிய கை. அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய சமயத்தில், இவர் தனியாக இந்தச் சந்துக்குள் வந்துவிட்டாராம். ஜரிகை வேலையைப் பார்த்தாலே தெரிகிறது. ராஜா உடையின் தோள்பட்டையில் ஒரு மணிகூட உதிர்ந்திருக்கவில்லை.

வாடகை ஒரு நாளைக்கு: கிரீடத்தோடு ராஜா உடை 450, ராணி 400, வீரர்கள் நான்கு பேருக்குத் தலா 200, பொற்கொல்லனுக்கும் வாயிற்காவலனுக்கும் தலா 200, சிலம்பு 150. மொத்தம் 2,200 ரூபாய். கண்ணகிக்கு வீட்டுப் புடவை போதும் என்று அவரே சொல்லிவிட்டார். தலைவி பேசிப் பேசி 2,000-க்குக் கொண்டுவந்தாள். முன்பணம் 2,000 தனி. ரசீது அவள் பெயரில் எழுதினார்.

அந்தச் சிலம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே கூடாக இருக்கும் இரண்டு அரை வட்டங்கள், மேலே தங்க நிறப் பெயிண்ட், சேருமிடத்தில் மிளகு அளவுக்குச் சின்னக் காந்தம். கையில் எடுத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். தரையில் ஓங்கி அடித்தால் இரண்டாகப் பிரிந்து உள்ளே இருக்கும் சிவப்புப் பாசிமணி சிதறும். பொறுக்கிப் போட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம். அவரே யோசித்துச் செய்தது. பிள்ளைகள் கடையிலேயே ஏழெட்டுத் தடவை உடைத்துப் பார்த்தார்கள், அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மூட்டை வந்தது. ஒத்திகையில் கண்ணகி சிலம்பை அடித்தாள். வெள்ளை முத்தாகச் சிதறியது. கடையில் நாங்கள் பார்த்தது வேறு சிலம்பு, மூட்டையில் வந்தது வேறு. நான் ‘தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது’ என்று இருந்தேன். தலைவி விடவில்லை.

“டீச்சர், ராணி சிலம்புலதான் முத்து. கண்ணகி சிலம்புல மாணிக்கம். முத்து விழுந்தா கோவலன் திருடன்னு ஆயிடும்ல?”

அவளே போன் போட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு டிவிஎஸ் 50-இல் கடைக்காரர் பள்ளி வாசலில் நின்றார். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் சிவப்புப் பாசி. “தப்பு என்னுதுதான் தாயி” என்று அவளிடம்தான் சொன்னார். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அன்று மாலை மாணிக்கம் தெறித்து நேரே பாண்டியன் முகத்தில் பட்டது. சிலப்பதிகாரத்திலும் அப்படித்தான் இருக்கிறது. மைதானத்தில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

குறைகளும் உண்டு. வீரர் உடைகளில் இரண்டில் பழைய வியர்வை நாற்றம். துவைத்த துணி கொடுப்பது கடையின் வேலை. எல்லாம் பெரியவர்கள் அளவு, நாங்கள் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. கிரீடத்துக்குள் துண்டைச் சுருட்டி வைத்தோம். மீசை ஒட்ட ஸ்பிரிட் கம் கொடுத்தவர், எப்படி எடுப்பது என்று சொல்லவில்லை. பாண்டியனாக நடித்த பையன் வெறுமனே பிய்த்து எடுத்து, மேலுதடு இரண்டு நாள் சிவந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து எடுக்க வேண்டும் என்பதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் சொன்னார். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கடை இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். தலைவி அதையும் அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள், அவர் தலையாட்டினார்.

முன்பணம் முழுதாகத் திரும்ப வந்தது. ஒரு வீரர் உடையில் ஓரம் கிழிந்திருந்ததை நாங்களே காட்டினோம்; அதற்காகப் பணம் எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு: சித்திரை நெருங்கினால் கடையில் நிற்க இடம் இருக்காது, அழகர் வேஷத்துக்கே அவருக்கு நேரம் போதாது. அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா நாடகப் போட்டிக்கு எடுப்பதானால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். மூட்டையைக் கடையிலேயே பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அப்புறம், நடிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் அவர்களிடம்தான் பேசுவார்.