முயலோடு அவுட்டிங் என்று விளம்பரம் வந்தால், பணம் கட்டுவதற்கு முன்

சென்னையில் முயல் வளர்க்கிறவர்கள் பலருக்கும் அந்த விளம்பரம் வந்திருக்கும். ஈசிஆர் பக்கம் ஒரு பண்ணை வீடு, ஞாயிற்றுக்கிழமை, நாய், பூனை, முயல் எல்லாமே வரலாம், ஃபோட்டோ, சாப்பாடு, பரிசு. நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாமலும் அடையாளம் தெரியும்: முயலுக்கென்று தனி டிக்கெட் விற்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை.

எங்கள் முயலின் பெயர் குண்டு. மூன்று வயது, கருத்தடை செய்த ஆண், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெயருக்குத்தான் குண்டு.

பணம் கட்டுவதற்கு முன் போன் செய்து கேட்டேன். முயல் பயப்படுமே, பக்கத்தில் நாய்கள் இருக்குமே என்றேன். "மேடம், முயலை வீட்லயே அடைச்சு வச்சா அதுக்கு டிப்ரஷன் வந்துடும். மாசத்துக்கு ஒரு தடவையாவது வெளிய கூட்டிட்டுப் போகணும். எங்ககிட்ட ரேபிட் எக்ஸ்பர்ட் இருக்காங்க" என்று பதில் வந்தது. முயல்களுக்கு நாய்களிடமிருந்து விலகித் தனி இடம், ஏசி அறை, நாள் முழுக்கக் கால்நடை மருத்துவர். இந்த மூன்றையும் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்கள். முயலுக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து 1,800 ரூபாய். அதற்குப் பிறகு வந்தது இன்னொரு செய்தி: பாதுகாப்பு விதிப்படி அவர்களுடைய அவுட்டிங் கிட் கட்டாயம். கழுத்துப் பட்டையோடு ஒரு கயிறு, முதுகில் மாட்டிக்கொள்ளும் பை, இரண்டும் சேர்த்து 2,600 ரூபாய். வீட்டில் நல்ல கூடை இருக்கிறது என்றேன். உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

அந்தப் பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆன்லைனிலும் இதே பை விதவிதமான பெயரில் கிடைக்கிறது. முன்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குமிழ், பக்கத்தில் நாலைந்து ஓட்டை. பூனைக்காகச் செய்தது. வெயிலில் நின்றால் குமிழ் வழியாகச் சூடு உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, நாயைப் போல இரைத்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளவும் தெரியாது. உடம்புச் சூட்டை அது இறக்கிவிடுவது பெரும்பாலும் காது வழியாகத்தான். காதில் ஓடும் ரத்தம் குளிர வேண்டும் என்றால் சுற்றியுள்ள காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெளியே 28, 30 டிகிரி தாண்டினாலே முயல் திணற ஆரம்பிக்கும். நாங்கள் போனது பங்குனி வெயிலில்.

இன்னொன்று, பைக்குள் பதுங்க இடமில்லை. முயலின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், மூக்குக்கு நேர் முன்னால் சின்ன இடம் தவிர ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். அதைக் குமிழுக்குள் உட்காரவைத்துத் தெருவைக் காட்டுவது அதற்கு வேடிக்கை அல்ல. எல்லாத் திசையிலிருந்தும் ஆபத்து வருவதாகத்தான் அதற்குத் தெரியும்.

பண்ணை வீட்டில் இறங்கியதும் "தனி இடம்" எதுவென்று கேட்டேன். தகரக் கொட்டகையில் ஒரு மூலை. அந்தப் பக்கம் நாய்களுக்குத் தடை தாண்டும் போட்டி, நடுவில் கட்டடம் கட்டும் இடத்தில் கட்டுகிற பச்சை வலை. வலை கண்ணை ஓரளவு மறைக்கும், மூக்கையும் காதையும் எப்படி மறைக்கும்? நாயின் வாசனை வந்தாலே முயலுக்கு அது வேட்டைக்காரன் வந்த செய்தி. ஏசி அறை ஒன்று இருந்தது உண்மைதான். அதில் ஸ்டால் போட்டவர்களும் மைக் பிடித்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முயல்களுக்கு ஒரு ஸ்டாண்டு ஃபேன், அதுவும் சூடான காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. மருத்துவர் என்று வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு நாய்த் தீவன கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. நல்ல பையன், பொய் சொல்லவில்லை. "டாக்டர் மதியம் வருவாங்கன்னு சொன்னாங்க மேடம்" என்றான். வரவில்லை.

குண்டு பையிலிருந்து இறங்கவே இல்லை. உடம்பைத் தரையோடு தட்டையாக ஒட்டிக்கொண்டு, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, கண் பிதுங்கக் கிடந்தது. "ரேபிட் எக்ஸ்பர்ட்" என்று அறிமுகப்படுத்தப்பட்ட பெண் வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப ரிலாக்ஸ்டா படுத்திருக்கான்" என்றார். அதற்குள் குண்டு பின்காலால் தொப்பென்று தரையைத் தட்டியது. முயல் வளர்க்கிற எவருக்கும் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும்: ஆபத்து.

நான் தண்ணீர் எடுத்துவரத் திரும்பிய நேரத்தில் ஃபோட்டோகிராபர் குண்டுவைத் தூக்கி மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டார். "ஹிப்னடைஸ் பண்ணிட்டேன் பாருங்க" என்று கூட்டத்துக்குக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். மல்லாக்கப் போட்டதும் முயல் அசையாமல் கிடப்பது சுகத்தில் அல்ல. வேட்டை மிருகத்தின் வாயில் சிக்கியபின், செத்ததுபோலக் கிடந்து தப்பிக்கப் பார்க்கும் கடைசி வழி அது. அந்த நேரத்தில் இதயத் துடிப்பையும் மூச்சையும் அளந்து பார்த்தவர்கள், அது பயம்தான் என்று எழுதியிருக்கிறார்கள். பிடுங்கி எடுத்துக்கொண்டேன். கத்தவும் செய்தேன், அதை மறைக்கவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். ஒரு பையன் பெரிய ஸ்பிரே பாட்டிலோடு வரிசையாக வந்தான். "உண்ணி மருந்து, ஃப்ரீ, எல்லாருக்கும்." பாட்டிலை வாங்கிப் படித்தேன். நாய், பூனை படம், மருந்து ஃபிப்ரோனில். தயவுசெய்து இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கும் பூனைக்கும் உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு சாதாரணமாக அடிக்கிற இந்த மருந்து முயலுக்கு விஷம். சாப்பாட்டை நிறுத்தும், துவண்டு போகும், வலிப்பு வரும், உயிரும் போகும். உடனே தெரியாமல் சில நாள் கழித்தும் தெரியலாம். முயல் தன் உடம்பை ஓயாமல் நக்கும் பிராணி, அடித்த மருந்து வயிற்றுக்குள் போய்விடும். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பத்தின் முயலுக்கு அடித்தாகிவிட்டது. அவர்களை அங்கிருந்தே மருத்துவரிடம் ஓடச் சொன்னோம். பிழைத்துக்கொண்டது, ஆனால் அவர்கள் பட்ட பாட்டை அவர்களே எழுதினால்தான் சரியாக இருக்கும்.

நாங்களும் கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து குண்டுவின் முன்னால் கொத்தமல்லிக் கட்டு வைத்தேன். கொத்தமல்லி வாசனைக்குப் பக்கத்து அறையிலிருந்து ஓடிவருகிற முயல், மோந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. தினமும் மெல்லுகிற காய்ந்த தீமோத்தி புல்லையும் தொடவில்லை. ராத்திரி அதன் கழிவுத் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வருடிக்கொடுக்கும்போது மெல்லக் கடிப்பது வேறு, இது வலி.

பயந்தாலோ, வெப்பம் தாக்கினாலோ, வலி வந்தாலோ முயலின் குடல் அசைவது நின்றுவிடும். ஸ்டேசிஸ் என்பார்கள். முயலின் வயிறு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய வயிறு, அதனால்தான் அது நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டிருக்கிறது. வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. பத்துப் பன்னிரண்டு மணிநேரம் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கக்கூடாது, முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி.

முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவரை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்தோம். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து, கேட்க வேண்டிய சத்தமே இல்லை என்றார். தோலுக்கடியில் திரவம் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார், அடைப்பு ஏதும் இல்லையென்று எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் குடலை அசைக்க மருந்து கொடுத்தார். சிரிஞ்சில் கூழ் ஊட்டும் வேலை எங்களுக்கு. முதல் புழுக்கை விழுந்தபோது, மிளகைவிடச் சின்னதாக, காய்ந்து போய் இருந்தது. அதைப் பார்த்து என் மாமியார் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். சிரிக்காதீர்கள்.

இடையில் ஒன்று. எல்லாக் கால்நடை மருத்துவரும் முயல் பார்ப்பதில்லை. முயலுக்கு வாய்வழியாக அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் அதை வாங்காமல் வேறு மருத்துவரைத் தேடுங்கள். அந்த வகை மருந்துகள் வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று முயலையே கொன்றுவிடும். நல்ல நாளிலேயே ஒரு முயல் மருத்துவரின் எண்ணைப் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மருத்துவரிடம் நேராகவே கேட்டேன்: முயலை வெளியே கூட்டிப் போவது நல்லதா, இல்லையா? "அதுக்கு வேணும்னா கூட்டிட்டுப் போகலாம். அது கேக்கலையே" என்றார்.

பிறகு விளக்கமாகவும் சொன்னார். நாம் வளர்க்கிற முயல்கள் எல்லாமே ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காட்டு முயலின் வாரிசுகள். நம்மூர்ப் புதரோரம் படுத்துக் கிடக்கும் காட்டு முயல் வேறு சாதி. வளர்ப்பு முயலின் முன்னோர்கள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து மேய்ந்துவிட்டு, சத்தம் கேட்டால் வளைக்குள் பாய்பவை. பாய்கிற தூரத்தில் வளை இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அதன் தைரியமே. தெரியாத இடத்தில் அந்த வளை இல்லை. தமிழ்நாட்டில் மத்திய அரசின் முயல் ஆராய்ச்சிப் பண்ணை கொடைக்கானலுக்கு அப்பால் மலைமேல் மன்னவனூரில் இருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தாலே, எந்தக் குளிர் இதற்குத் தோது என்று புரியும்.

கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் அதைத் தூக்கி எறியச் சொன்னார். முயலின் எலும்புக்கூடு உடம்பு எடையில் எட்டு சதவீதம்கூட வராது, பின்கால் தசையோ அசுர பலம். கட்டியிருக்கும்போது மிரண்டு உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அப்படி இடுப்புக்குக் கீழே விழுந்துபோன முயல்களைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

அப்படியென்றால் அறைக்குள்ளேயே கிடக்கட்டும் என்று யாரும் படித்துவிட வேண்டாம். சின்னக் கூண்டில் நாள் முழுக்க அடைப்பது இதைவிடப் பெரிய கொடுமை. அதற்கு வேண்டியது ஓடியாட இடம், தோண்ட ஒரு பெட்டி, கடிக்கக் காய்ந்த புல், ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் உள்ள அட்டைப்பெட்டி, முடிந்தால் கருத்தடை செய்த இன்னொரு முயல் துணைக்கு. வெயில் ஏறுவதற்கு முன் மொட்டை மாடியில் வேலி போட்டு, மேலே வலை கட்டி, நாமும் கூடவே உட்கார்ந்திருந்தால் சில முயல்கள் அதை ரசிக்கும். காக்காயும் பருந்தும் இருக்கிற ஊர் என்பதை மறக்காதீர்கள். பூங்காப் புல்வெளி வேண்டாம், எந்த மருந்து அடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது, ஓரத்தில் அரளியும் இருக்கும். லண்டனில் என் தங்கை வீட்டுத் தோட்டத்தில் முயல் மேய்கிறதே என்று கேட்காதீர்கள். அது அதன் சொந்தத் தோட்டம், அந்த ஊர்க் குளிர். மருத்துவரிடம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், கெட்டியான பெட்டி, அடியில் வழுக்காத துணி, நிறையப் புல், மேலே ஒரு துண்டு, வெயில் நாளில் துணி சுற்றிய ஐஸ் பாட்டில். போதும்.

இப்போது பணத்தின் கதை. டிக்கெட், கிட், மருத்துவச் செலவு மூன்றையும் கேட்டு எழுதினேன். வந்த பதில்: "உங்க ரேபிட் இன்னும் சோஷியலைஸ் ஆகல மேடம். ஆறு செஷன் பேக்கேஜ் இருக்கு, உங்களுக்கு 20 சதவீதம் ஆஃபர்." இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமெண்ட்டையும் அழித்துவிட்டார்கள். டிக்கெட் பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். சொன்ன வசதியைக் கொடுக்காமல் பணம் வாங்கினால் அந்தப் பொடி எழுத்து காப்பாற்றாது என்கிறார் வக்கீல். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் விளம்பரமும் குறைபாடுள்ள சேவையும் வருகின்றன. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிந்தேன். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

சென்ற வாரம் அடுத்த நிகழ்ச்சிக்கான விளம்பரம் வந்திருக்கிறது. அதில் மல்லாக்கக் கிடக்கும் வெள்ளை முயல் எங்கள் குண்டு. கீழே "ஹேப்பி பன்னி" என்று எழுதியிருக்கிறார்கள். படத்தை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் போயிருக்கிறது. ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள், மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். நாய்ப் பகுதிக்கும் முயல் பகுதிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று வீடியோ கேளுங்கள். உண்ணி மருந்து அடிப்பார்களா என்று கேளுங்கள். யூபிஐ ரசீது, வாட்ஸாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். போன மாதம் அங்கே வந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், புகாரில் சேர்ந்துகொள்ளலாம்.