கம்ப்ரஸரும் சென்னைக் காற்றும்

விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். பிளாஸ்டிக் விமான மாடல்களுக்கு வர்ணம் தெளிக்கும் ஏர்பிரஷுக்குக் காற்றை அழுத்தித் தரும், டேங்க் வைத்த சின்ன கம்ப்ரஸர். ஒரே உருவத்தில் பல பெயர்களில் விற்கிறார்களே, அதுதான். வேண்டாம் என்றேன்.

குறை சொல்லுமுன் நியாயமாக ஒன்று. சத்தம் குறைவு, ராத்திரியில் ஓட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்ததில்லை. டேங்க் இருப்பதால் காற்று விட்டு விட்டு வராமல் சீராக வருகிறது. உலோகப் பூச்சுக்கு அதுதான் உயிர். ஆல்கிளாட் போன்ற உலோக நிற லாக்கர் பெயிண்டில் தின்னர் கலக்கத் தேவையில்லை. பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சின்மேல், 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில், மெல்லிய படலமாக ஏற்ற வேண்டும். 1963இல் நம் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடைபெற்ற மிக்-21ஐ, வர்ணம் பூசாத பழைய வெள்ளிக் கோலத்தில் செய்தேன். மூக்குக் கூம்பும் வால் நுனியும் மட்டும் பச்சை. இறக்கையில் அலுமினியம் ஏறியபோது பிளாஸ்டிக் என்பதே மறந்துபோனது.

அப்புறம் ஐப்பசி வந்தது. ஈரக் காற்றை அழுத்தினால் சூடாகும், ஹோஸில் போகும்போது ஆறும், ஆறினால் தண்ணீர். கூடவே வரும், ஈரத்தை வடிக்கும் மாய்ஸ்ச்சர் ட்ராப் அதில் பாதியைத்தான் பிடிக்கிறது. மீதி, சரியாக இறக்கையின் நடுவில், எச்சில் துப்பியதுபோல் ஒரு துளி. காட்டுப் பச்சை கேமஃப்ளாஜ் என்றால் இன்னொரு பூச்சில் மறைத்துவிடலாம். வெள்ளியில் முடியாது. அந்தத் தகட்டைச் சுற்றி டேப் ஒட்டி, கறுப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். டேங்க் அடியிலுள்ள திருகைத் திறந்தால் துருத்தண்ணீர் வேறு. அதைத் தினமும் திறந்துவிடச் சொல்லி கையேட்டில் ஒரு வரி இல்லை!

கடைசியில் கம்ப்ரஸரை ஏசி அறையில் வைத்து, நீள ஹோஸைக் கதவிடுக்கு வழியாக பால்கனிக்கு இழுத்தேன். அறையின் காய்ந்த காற்றை அது உறிஞ்சுகிறது. லாக்கர் நெடி வெளியே போகிறது. நான் மாஸ்க்கோடு கொசுக்கடியில். துப்புவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் மழை நாளில் இதுவும் பலிக்காது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதிலேயே படிந்து வெண்மை பூக்கிறது. அதற்குக் கம்ப்ரஸரைத் திட்டுவது நியாயமில்லை, திட்டுகிறேன்.

அப்படியானால் உன்னுடையதைக் கொடு என்கிறான். தரமாட்டேன். வாங்கியே தீருவேன் என்றால் தை பிறந்ததும் வாங்கட்டும், ஏர்பிரஷ் கைப்பிடிக்குப் பக்கத்தில் மாட்ட இன்னொரு ட்ராப்பும் சேர்த்து.